பொறுங்க பாயின் சஹன் கம்ப்யூட்டர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கம்ப்யூட்டர் விற்றுப் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். கம்ப்யூட்டர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்க வந்தவர்களை வாங்கவிடாமல் திருப்பி அனுப்பிப் பெயர் வாங்கியவர் எங்கள் பொறுங்க பாய் ஒருவர்தான்.

அவருக்கு அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருக்கும். திருமயத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. கோட்டைக்குப் போகிற வழியில் என் ஜெராக்ஸ் கடை. ஒட்டினாற்போல அவர் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கிட்டு அவர் தும்மினால் இங்கிட்டு என் பேப்பர் பறக்கும். அதனால் அவர் வியாபாரம் முழுவதும் என் காதில் நடந்தது என்றே சொல்லலாம். வியாபாரம் என்றால் ஒரே ஒரு சொல். "பொறுங்க."

ஆவூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஆசையாக நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

"என்ன சார் அவசரம்?" என்றார் பாய்.

"இந்த மாசம் ரிட்டையர் ஆகுறேன் பாய்."

"அப்ப இனிமே ஒங்களுக்கு அவசரமே இல்லையே. பொறுங்க."

கொடும்பாளூரிலிருந்து ஒரு அம்மா, காலேஜில் சேரப்போகும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். டீ சொன்னார். பிறகு ஆரம்பித்தார்.

"இப்பக் கடையில இருக்குறதெல்லாம் ஒரே வெத மூளைம்மா. எல்லா வேலையையும் அது ஒண்ணே இழுத்துப் போட்டுச் செய்யும். இனிமே வீட்டுக் கம்ப்யூட்டர்லயே நாலு வெதமான மூளை வரப்போகுது. கணக்குக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு, பேசுனாப் புரிஞ்சுக்க ஒண்ணு, சும்மா கெடக்கும்போது கரண்டு தின்னாம முழிச்சிருக்க ஒண்ணு. அது வரைக்கும் பொறுங்க."

அந்த அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். "இவளுக்கு இருக்குற ஒத்தை மூளையவே எங்களால சமாளிக்க முடியலை. நாலு வேறயா?" என்று டீயைக் குடித்துவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறிவிட்டார். அங்கே யாரோ ஒரு கடைக்காரர் அரைமணி நேரத்தில் ஒன்றை விற்றிருப்பார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ரிப்பேர். அதில் பாய் கைராசிக்காரர். செத்துப்போன கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால், சாயங்காலம் பிழைத்து எழுந்து பாட்டுப் பாடும். "பழசை நல்லாப் பாத்துக்கங்க, புதுசுக்குப் பொறுங்க," என்று கையில் கொடுத்து அனுப்புவார்.

பாய்க்குச் சொந்த ஊர் கோட்டைப்பட்டினம் பக்கம், கடற்கரை. அங்கே கல்யாண வீட்டில் சஹன் சாப்பாடு போடுவார்கள். பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு தட்டு. நடுவில் சோறு. சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டியது. பாயின் கம்ப்யூட்டர் ஞானம் முழுவதும் அந்தத் தட்டிலிருந்து வந்தது.

"இப்ப இருக்குற மிஷினு எலைச் சாப்பாடுங்க," என்பார். "கணக்கு மூளைக்கு ஒரு எலை, படத்து மூளைக்குத் தனியா ஒரு எலை. இவன் எலையில இருக்குற கறி அவனுக்கு வேணும்னா, ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போயி அங்க வைக்கணும். இந்த எடுத்து வைக்கிறதுலயே பாதி நேரம் போயிருது. சஹன்ல அந்தப் பேச்சே இல்லை. நாலு பேரு, நாலு குணம், ஒரே தட்டு. எல்லாரு கைக்கும் எட்டும். வரப்போற கம்ப்யூட்டரு அதுதான்."

எதிர்க்கடை பழ வியாபாரிக்கு இது ஒப்பவில்லை. "ஒரு ஒறையில ரெண்டு கத்தியே இருக்காதும்பாங்க. நீங்க நாலு சொல்றீங்க, பாய்."

"கத்தி ஒறையில கெடந்தா சண்டைக்குப் போகுதுன்னு அர்த்தம். அடுப்படிக்கு வந்து பாருங்க. கத்தி, அருவாமனை, துருவி எல்லாம் ஒரே மேடையிலதான் கெடக்குது. ஒரு நாளாச்சும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிருச்சா?"

பழக்காரர் ஆரஞ்சைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. இன்றைக்கும் பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேசப் போனால் அதைத்தான் சொல்கிறேன்.

பேசினதோடு நின்றிருந்தால் அவர் வெறும் பேச்சுக்காரர். பாய் அதைச் செய்தே பார்த்தார். வீட்டுப் பரணிலிருந்த நிஜ சஹனை எடுத்து வந்தார். மேலே ரப்பர் ஷீட்டை விரித்தார். பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒரு பக்கம், கேம் விளையாடுகிற யாரோ விற்றுப்போன கிராபிக்ஸ் கார்டு ஒரு பக்கம், டிவிக்கு மாட்டுகிற பெட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த போர்டு ஒரு பக்கம், நாலாவதாக அவருடைய பழைய செல்போன். நாலையும் ஒயரால் பின்னி நடுவில் ஒரு ஹார்ட் டிஸ்கை வைத்தார். சோறு அதுதான். வீட்டில் சஹனைக் காணோம் என்று தேடியபோது, "கடையில விருந்தாளிங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க, கழுவி எடுத்தாரேன்," என்று சொல்லியிருக்கிறார். ரெண்டு வருஷமாக அந்த விருந்தாளிகள் எழுந்திருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கருப்பையா விவகாரம் வந்தது.

கருப்பையா என் சேக்காளி. வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவர். அவர் மகள் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் அங்கே லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா இல்லாமல் நடக்கிற கல்யாணம் எங்கள் பக்கம் புதிதில்லை. கருப்பையாவுக்குச் சிக்கல் வேறு இடத்தில். அவருடைய அண்ணன் வீரையா. அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. காரணம் நிலமில்லை, நகையில்லை. கருப்பையா வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, வீரையா குடும்பத்தோடு வாசலில் வந்து நிற்க, கருப்பையா மொட்டை மாடியில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க" என்று கேட்க வாசலில் ஆளில்லை. வீரையா அப்படியே திரும்பிப் போனவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். வாங்க என்று கேட்காவிட்டால் மன்னிப்பு கிடையாது.

கருப்பையா போன் போட்டுப் பேசி, அழுது, கடைசியில் வீரையா ஒரு வார்த்தை சொன்னார். "நீ வாசல்ல நின்னு வாங்கன்னு கேளு, வாரேன். ஒம் பொண்டாட்டி கேட்டாலும் ஒம் மச்சான் கேட்டாலும் நான் படியேற மாட்டேன்." அதைச் சொன்ன கொஞ்ச நாளில்தான் லீவு போனது. அப்பா இல்லாத இடத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பா கைதான் முறை. அவர் படியேறாவிட்டால் செல்விக்கு அப்பா வழியில் மேடையில் நிற்க ஆளே இல்லை.

கருப்பையா பாய்க்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை என் கடைக்குள்ளிருந்தே கேட்டேன். "பாய், எனக்குத் தாலி கட்டுறதைப் பாக்கணும்னுகூட இல்லை. அதைப் போட்டோவுல பாத்துக்கிருவேன். நான் வாங்கன்னு கேக்கணும். அதை யாரும் போட்டோ புடிச்சு அனுப்ப முடியாதுல்ல."

பாய் அதற்கு மட்டும் பொறுங்க என்று சொல்லவில்லை. சஹனை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு போனைப் போட்டுக் காட்டிர வேண்டியதுதானங்க?" என்றேன்.

"பொண்ணோட அப்பா ஒரு எடத்துலயா நிப்பாரு? வாசல்ல நிப்பாரு, பந்தியில நிப்பாரு, மேடையில நிப்பாரு. போனு ஒரு எடத்துலதான் நிக்கும். நான் மூணு எடத்துலயும் டிவி வைக்கிறேன், மூணு கேமரா வைக்கிறேன். கருப்பையா பேசுறது நம்ம போனுக்கு வரும். அதைப் பிரிச்சு மூணு பக்கமும் அனுப்புறது மத்த மூணு பேரு வேலை. நாலு வெத மூளை எதுக்குன்னு கேட்டீங்கள்ல? இதுக்குத்தான்."

டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. டிவியில் வாங்க என்று கேட்டால் செல்லுமா?

"நியூசு வாசிக்கிற புள்ளைகூடத்தான் தினம் நம்மளப் பாத்து வணக்கம்னு சொல்லுது," என்றார் பழக்காரர். "அதுக்காக அது வீட்டுக்குச் சாப்புடப் போயிர முடியுமா?"

கல்யாணத்தன்று காலையில் பாய் சஹனைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். மேடைப் பக்கம் பிளக் பூராவும் வீடியோக்காரர் விளக்கும் மேளக்காரர் மைக்கும் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த ஒரே பிளக் சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி மேஜையின் கடைசி முனையில். அங்கேயே சஹனை வைத்தார். ஒயரை மாட்டினார். மூன்று டிவியிலும் கருப்பையா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பின்னால் அவருடைய ரூமின் பச்சைச் சுவர். நான் வாசலில் சந்தனத் தட்டோடு நின்றேன். எனக்குப் பக்கத்து டிவியில் அவர் கைகூப்பி நின்றார். "வாங்க மாமா, வாங்கத்தா, தங்கச்சி வீட்டுக்காரரு வரலையா?" என்று வந்தவர்களை எல்லாம் கேட்டார். சிலர் டிவிக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரு ஆத்தா டிவி கன்னத்தைத் தடவி முத்தம் கொடுத்துவிட்டு, "மேலு சுடுதே, காச்சலாய்யா?" என்று கேட்டது.

எல்லாம் சரியாகத்தான் போனது. சஹனுக்கு மூடியாகச் செய்து வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் பாய் கடையிலேயே மறந்துவிட்டார். பந்தி நடக்கிற இடம், தூசி தும்பு விழும். பக்கத்தில் கட்டுக் கட்டாக வாழையிலை கிடந்தது. நல்ல தலைவாழை இலையாக ஒன்றை எடுத்து சஹன் மேல் போர்த்தினார். கிராபிக்ஸ் கார்டின் காற்றாடி இலையைத் தூக்கியது. பறக்காமலிருக்க ஓரத்தில் ஒரு டம்ளரை வைத்தார். நிம்மதியாக என்னைப் பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்.

இப்போது பரிமாறுகிறவர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். பந்தி மேஜை. இலை விரித்திருக்கிறது. டம்ளர் இருக்கிறது. ஆளைக் காணோம். இதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். ஆள் கை கழுவப் போயிருக்கிறார். விரித்த இலையை வெறுமனே தாண்டிப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சமையல்காரர்களுக்குக் கிடையாது. கேசரி வைத்தவர் வைத்தார். இட்லி, பொங்கல், வடை வந்தன. தண்ணீர்க்காரர் டம்ளரை நிறைத்தார். அடியிலிருந்த சூட்டில் இலை வாடி நடுவில் குழிந்தது. சாம்பார்க்காரர் குழி பார்த்து ஒரு கரண்டி ஊற்றினார். தயங்கி, இன்னொரு கரண்டியும் ஊற்றினார். வந்து சாப்பிடுகிறவருக்குக் குறை இருக்கக் கூடாதில்லையா?

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வீரையா இறங்கினார். பின்னால் அவர் சம்சாரம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கருப்பையா டிவியில் நிமிர்ந்து நின்று, கை கூப்பி, வாயைத் திறந்தார்.

திறந்தபடியே நின்றுவிட்டார்.

வீரையா படிக்கு வெளியே நின்று டிவியைப் பார்த்தார். டிவியில் தம்பி கூப்பிய கையும் திறந்த வாயுமாக அவரைப் பார்த்தார். ஒரு சத்தமில்லை. மேளம்கூட அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க நின்றிருந்தது. "பால் காச்சுனப்பயும் இதேதான்," என்று வீரையா யாரிடமும் சொல்லாமல் பொதுவாகச் சொன்னார். அவர் சம்சாரம் வேனைத் திரும்பிப் பார்த்தார். கருப்பையாவின் மனைவி ஓடிவந்து, "வாங்க மாமா, வாங்கக்கா," என்றார். வீரையா அசையவில்லை. சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த இடத்திலேயே இல்லை. அறுபதை நெருங்குகிற மனிதர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் பறந்துவிட்டார். போய்ப் பார்த்தபோது, இலை கிழிந்து, சஹனிலிருந்து சாம்பார் வாசத்தோடு புகை வந்துகொண்டிருந்ததாம். மதர்போர்டு போய்விட்டது. கிராபிக்ஸ் கார்டு பொங்கலுக்கடியில் கிடந்தது. டிவி போர்டு மிதந்தது. செல்போன் மட்டும் இட்லிக்குக் கீழே, ஓரமாக, தன்னுடைய சொந்த பேட்டரியில் உயிரோடு இருந்தது. அதற்குள்ளிருந்து கருப்பையா, "பாய், என்னாச்சு? அண்ணன் உள்ள வந்துட்டாரா? ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, பாய்," என்று கத்திக்கொண்டிருந்தார்.

பாய் ஒயரைப் பிய்த்துப் போனை எடுத்து, தோள்துண்டில் சட்னியைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார். வீரையா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, வாங்க," என்றது போன். "அண்ணி, வாங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உள்ள வாங்கண்ணே."

வீரையா போனைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "என்னடா, சாம்பாரு வாசம் அடிக்குது?"

"எனக்குத் தெரியலைண்ணே. நான் ரூம்லதான் இருக்கேன்."

"நான் வாசல்ல நின்னு கேக்கச் சொன்னேன்ல?"

பாய்தான் மெதுவாக என் கையிலிருந்த சந்தனத் தட்டை வாங்கினார். படியில் குனிந்து அதை வைத்தார். பன்னீர்ச் செம்பில் போனைச் சாய்த்து நிமிர்த்தி வைத்து, ஒதுங்கி நின்றார்.

"இப்ப வாசல்லதாங்க நிக்கிறாரு," என்றார்.

வீரையா கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்தார். குனிந்து விரலால் சந்தனம் தொட்டார். தான் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் போன் கண்ணாடியில் தம்பி நெற்றி இருந்த இடத்தில் வைத்தார். "சரி, வாரேன்," என்று படியேறினார். அவர் கைதான் செல்வியைத் தாரை வார்த்துக் கொடுத்தது.

அதற்கப்புறம் பாய்க்குக் கால் ஓயவில்லை. அந்தப் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மேடைக்கும் பந்திக்குமாக நடந்தார். "இங்கிட்டுத் திருப்புங்க பாய், அங்கிட்டு யாரு, பொன்னமராவதிக்காரங்களா? வடை வச்சாங்களான்னு கேளுங்க," என்று போனுக்குள்ளிருந்து கருப்பையா பந்தி விசாரித்தார். தாலி கட்டும்போது மட்டும் ஒன்றும் பேசவில்லை. பாயும் கையை ஆட்டாமல் நின்றார்.

கூட்டம் வடிந்த பிறகு போன் கேட்டது. "பாய், நீங்க சாப்புட்டீங்களா?"

காலையிலிருந்து அந்த மண்டபத்தில் பாயை அப்படி யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வீரையாதான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். தன் கையால் இலை போட்டார். டம்ளரில் போனைச் சாய்த்து எதிரே வைத்தார். சாம்பார்க்காரர் வாளியோடு வந்து, இலையை ஒருமுறை தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நான் யாரையும் நம்புறதா இல்லை," என்று ஊற்றினார்.

திரும்பி வரும்போது பாயைச் சீண்டினேன். "நாலு மூளை வச்சீங்க. கடைசில ஒரு போனுதான் கரை சேத்துச்சு."

"அந்தப் போனுக்குள்ள எத்தனை வெதம் இருக்குன்னு நெனைச்சீங்க?" என்றார் அவர், வருத்தமில்லாமல். "ஓடுறதுக்குப் பெரிசு, ஓய்வுக்குச் சின்னது, படத்துக்குத் தனி, பேச்சுக்குத் தனி. எல்லாத்துக்கும் ஒரே தட்டு. நான் ரெண்டு வருசமாக் கட்டுனது எஞ் சட்டைப் பைக்குள்ளயே இருந்துருக்கு." தோள்துண்டால் போனை இன்னொரு தடவை துடைத்தார். "ஆனா ஒண்ணு, நான் சாப்புடுறவங்களத்தான் கூட்டுனேன். பந்தி விசாரிக்க ஆளு வைக்கலை. எந்த எலைக்கு என்ன, எது எலையே இல்லைன்னு சொல்ல ஒருத்தர் வேணும்ல? கம்ப்யூட்டருக்கும் அதேதான் கஷ்டம். வெதவெதமா மூளைய உள்ள வச்சிரலாம். யாருக்கு எந்த வேலைன்னு பாத்துப் பாத்துக் கொடுக்குறதுதான் இன்னும் முழுசாப் பழகலை."

இப்போது அவர் சொன்ன மாதிரியே கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. பெரிய மூளை, சின்ன மூளை, படத்து மூளை, ஏஐ மூளை என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். பாய் ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு ஆராய்ந்துகொண்டிருக்கிறார். சஹன் கழுவி வீட்டுக்குப் போய்விட்டது. வீரையா திருமயம் வந்தால் கடையில் உட்கார்ந்து, தம்பியோடு பாய் போனில் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். அவரிடமும் போன் இருக்கிறது. இருந்தாலும் இங்கே வந்துதான் பேசுகிறார்.

என் கடைக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. இந்தக் கட்டுரையை அடிப்பதற்குள் மூன்று முறை படுத்து எழுந்தது. சேமித்த காசோடு போன வாரமும் தடுப்பைச் சுற்றிப் போனேன். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார், ஒரு மணி நேரம் பேசினார், கடைசியில் பொறுங்க என்றார். சரி என்று வந்துவிட்டேன். வாங்கிவிட்டால் அப்புறம் எதைக் கேட்டுக்கொண்டு அங்கிட்டுப் போவது?